ஆறாவது ஆல்பத்தில் என்ன கெட்டுப் போனது?

எங்கள் பக்கத்தில் ஸ்டுடியோ ஆல்பம் என்று சொன்னால் கல்யாண போட்டோதான் நினைவுக்கு வரும். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு போட்டோ ஸ்டுடியோ, ஒரு ஆள் சுமக்கிற கனத்தில் ஒரு ஆல்பம், அதில் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே பறக்கும் இரண்டு புறா. அக்காளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். "ஏதோ ஆல்பம் சரியில்லன்னு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கான். யாருக்குக் கல்யாணம்ல மக்களேன்னு கேட்டா அதுக்கும் கோவப்படுதான்" என்று போனில் சொன்னாள்.

அவள் சொன்னது தன் மகனை, என் மருமகனை. நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் கீபோர்டு வாசிப்பான். அவன் கோபம் ஆர்க்டிக் மங்கீஸ் என்ற இங்கிலாந்து ராக் பேண்ட் மேல். ரீல்ஸில் ஓயாமல் ஓடும் 'ஐ வான்னா பி யுவர்ஸ்' பாட்டைக் கேட்டு, அது இருந்த 2013ஆம் வருட ஆல்பத்தை முழுதாகக் கேட்டு, அதற்கு முந்தையவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டிருக்கிறான். அப்புறம் 2018இல் வந்த ஆறாவது ஆல்பத்தைப் போட்டிருக்கிறான். "மாமா, இவங்க கெட்டுப் போயிட்டாங்க. கிட்டாரையே காணோம். ஒருத்தன் பியானோ முன்னால உட்கார்ந்து புலம்பிக்கிட்டே இருக்கான்."

அவன் சொன்ன இதே புகாரை 2018இல் உலகம் பூராவும் நிறைய பேர் சொன்னார்கள். ஒரு படைப்பு வெளியானதும் வாங்கினவர்கள், விமர்சகர்கள், பழைய ரசிகர்கள் எல்லாம் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் இசை எழுத்தாளர்கள் ரிசப்ஷன் என்கிறார்கள். அக்காளிடம் இந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. ஆல்பம் என்றாலே கல்யாணம், அதில் ரிசப்ஷனும் சேர்ந்தால் மண்டபம் எது என்று கேட்பாள்.

சரி, அடியிலிருந்து வருவோம். ஸ்டுடியோ ஆல்பம் என்பது ஒரு பேண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் புதிதாகப் பதிவு செய்து, ஒரே தொகுப்பாக வெளியிடும் பாட்டுகள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பாட்டு, முப்பத்தைந்திலிருந்து ஐம்பது நிமிடம். மேடையில் வாசித்ததைப் பதிவு செய்தால் அது லைவ் ஆல்பம். பழைய ஹிட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தால் தொகுப்பு. பேண்டின் ஆல்பங்களை எண்ணும்போது இந்த இரண்டும் கணக்கில் வராது. 'ஆறாவது ஆல்பம்' என்றால் ஆறாவது ஸ்டுடியோ ஆல்பம் என்றுதான் அர்த்தம். நமக்கு இது கொஞ்சம் புதிது. நம் பாட்டெல்லாம் படத்தோடு வந்தது. ஒரு படத்தின் பாட்டுகள் கதைக்காகப் போடப்பட்டவை. இசையமைப்பாளர் அந்த வருடம் என்ன மனநிலையில் இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பேண்டின் ஆல்பத்தில் அந்தக் கேள்விதான் முதலில் வரும். கதையும் அவர்களுடையது, பாத்திரமும் அவர்கள்தான்.

இந்த மாதிரி பேண்டுகளைப் பற்றிப் பேசினால் அடுத்து வரும் வார்த்தை இண்டி. இன்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம். பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், சின்ன நிறுவனம் வழியாகவோ கைக்காசைப் போட்டோ வெளியிடுவது. 1977 ஜனவரியில் மான்செஸ்டர்காரர்களான பஸ்காக்ஸ் பேண்ட், 500 பவுண்டு கடன் வாங்கி, சொந்த லேபிளில் ஒரு சின்ன இசைத்தட்டு போட்டார்கள். முதலில் அச்சடித்தது 1000 தட்டு. அது விற்றதும் பெரிய கம்பெனியின் தயவு இல்லாமலே இதைச் செய்யலாம் என்ற தைரியம் நிறைய பேருக்கு வந்தது. பிறகு போகப் போக, அப்படி வெளியிட்டவர்களின் கிட்டார் சத்தத்துக்கே இண்டி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அந்த வார்த்தை வியாபார முறையையும் குறிக்கும், ஒலியையும் குறிக்கும். கோட்டாறு, வடசேரி கடைகளில் 'நாட்டுச் சர்க்கரை' என்று எழுதியிருப்பது ஊரைச் சொல்கிறதா செய்முறையைச் சொல்கிறதா என்று கேட்கிற மாதிரிதான், ரொம்ப நோண்டக் கூடாது.

ஆர்க்டிக் மங்கீஸ் இரண்டு அர்த்தத்திலும் இண்டி. ஷெஃபீல்டு நகரத்தின் ஓரத்திலுள்ள ஹை கிரீன் என்ற இடத்தில், 2002இல், பள்ளிக்கூடத்துப் பையன்கள் சேர்ந்து தொடங்கியது. தங்கள் பாட்டுகளை சிடியில் எரித்து, கச்சேரிக்கு வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். வாங்கினவர்கள் அதை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். 2005இல் டாமினோ என்ற லண்டன் சுயாதீன நிறுவனம் ஒப்பந்தம் போடுவதற்குள் பாட்டு ஊரெல்லாம் பரவியிருந்தது. 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தது. ஒரே வாரத்தில் 3,63,735 பிரதிகள். அதுவரை பிரிட்டனில் எந்த முதல் ஆல்பமும் அந்த வேகத்தில் விற்றதில்லை. பாட்டு எழுதிப் பாடும் அலெக்ஸ் டர்னருக்கு அப்போது வயது 20. டாக்ஸி வரிசை, கிளப் வாசலில் நிற்கும் காவலாள், சனிக்கிழமை ராத்திரிச் சண்டை என்று தான் பார்த்ததையெல்லாம் தன் ஊர்ப் பேச்சிலேயே, மூச்சு விடாமல் பாடினார். அதுதான் அந்த ஆல்பத்தின் ருசி. லண்டன்காரன் பேசுகிற மாதிரி அவர் பாடவில்லை. 'கேட்டியளா' என்று தொடங்கி ஒருவர் கதை சொன்னால் எந்த ஊர்க்காரர் என்று நமக்கு உடனே தெரிகிற மாதிரி.

இரண்டாவது ஆல்பம் 2007. மூன்றாவது 2009. அதற்காகக் கலிபோர்னியாப் பாலைவனத்துக்குப் போய் இருட்டான, மெதுவான பாட்டுகளைப் பதிவு செய்து வந்தார்கள். அப்போதே ஒரு கூட்டம் "கெட்டுப் போயிட்டாங்க" என்றது. அதே ஆல்பத்தைத்தான் இன்றைக்குப் பல ரசிகர்கள் தங்கள் மனசுக்கு நெருங்கியது என்கிறார்கள். மருமகனுக்கும் அது பிடித்திருந்தது. அதன் வெளியீட்டுச் சண்டை எதையும் கேட்காமல், பதினைந்து வருடம் கழித்து நிம்மதியாகக் கேட்டதால் பிடித்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். நான்காவது 2011. ஐந்தாவது 2013இல் வந்த 'ஏஎம்'. அவன் ரீல்ஸ் பாட்டு இருப்பது இதில்தான், கடைசிப் பாட்டாக. ஜான் கூப்பர் கிளார்க் என்ற ஆங்கிலக் கவிஞரின் கவிதையை வைத்து எழுதியது. ஸ்பாட்டிஃபையில் நூறு கோடிக்கும் மேல் ஓடியிருக்கிறது. கனமான கிட்டார் வரி, அதன் மேல் ஹிப் ஹாப் போல ஒரு தாளம், கறுப்பு உடை, வாரிவிட்ட முடி. பேண்டை அமெரிக்காவில் பெரிய ஆளாக்கியது இந்த ஆல்பம்தான்.

இந்த இடத்தில் ஒரு பேண்டுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. இதே சரக்கை இன்னொரு தடவை போடுவது ஒன்று. வேறு என்னவாவது செய்து பார்ப்பது இன்னொன்று. முதலாவதைச் செய்தால் "பழைய மாவு" என்பார்கள். இரண்டாவதைச் செய்தால் "யார் கேட்டது இதை?" என்பார்கள். பேண்ட் தொடங்கிப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து வருகிற ஆல்பம் எதற்கும் இந்தத் தொல்லை உண்டு. முதல் ஆல்பத்தை எழுதும்போது யாரும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. ஆறாவதை எழுதும்போது ஐந்து ஆல்பமும் வாசலில் நிற்கும்.

ஆர்க்டிக் மங்கீஸ் ஐந்து வருடம் ஒன்றும் போடவில்லை. இதற்கிடையில் டர்னரின் 30ஆவது பிறந்தநாளுக்கு மேனேஜர் ஒரு பியானோ பரிசளித்தார். லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் அதன் முன்னால் உட்கார்ந்து அவர் தனியாக எழுத ஆரம்பித்தார். எல்லாக் குழப்பமும் அந்தப் பரிசிலிருந்து தொடங்குகிறது. பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தால் வரலாறு வேறு மாதிரி போயிருக்கும்.

கருவி மாறினால் பாட்டே மாறும். இதை மருமகனுக்கு அவன் கீபோர்டிலேயே காட்டினேன். கிட்டாரில் பாட்டு எழுதுகிறவர் பெரும்பாலும் ஒரு சின்ன வரியில் தொடங்குவார், இரண்டு மூன்று விநாடியில் முடிந்து மறுபடி மறுபடி வருகிற வரி. ரிஃப் என்பார்கள். 'ஏஎம்' ஆல்பத்தின் முதல் பாட்டை நினைத்தால் சொல்லுக்கு முன்னால் அந்த வரிதான் காதில் வரும். ரிஃப் ஒரு ஆணி மாதிரி. பாட்டு முழுவதும் அதில் மாட்டித் தொங்கும். பியானோவில் அப்படி இல்லை. பத்து விரலும் பரவி உட்காரும். இடது கை அடிச்சுரத்தைப் பிடித்துக்கொள்ள, வலது கை ஒரு விரலை மட்டும் நகர்த்தினாலே கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தின், நிறம் மாறிவிடும். அதனால் பியானோவில் எழுதுகிறவர் கார்டுகளுக்குள் நடந்து திரிய ஆரம்பிப்பார். மாட்டித் தொங்க ஆணி இல்லாததால் மெட்டு பேச்சைப் போல இழுபடும். கொயரில் நாலு குரல் பாமாலைக்கு வாசித்துப் பழகிய பையனுக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தில் லண்டன் மிஷன்காரர்கள் வந்த காலத்திலிருந்து, இரண்டு நூற்றாண்டாக, ஹார்மனி சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. தெருவுக்கு ஒரு கீபோர்டாவது இருக்கும். மேல்நாட்டு இசையை இங்கே விளக்குவதில் பாதி வேலை ஏற்கனவே முடிந்திருக்கிறது.

பியானோவில் டர்னர் எழுதியது என்ன? நிலாவில் ஒரு ஹோட்டல். கேசினோவும் உண்டு. 1969இல் அப்பல்லோ 11 இறங்கிய இடத்துக்கு ட்ராங்குவிலிட்டி பேஸ் என்று பெயர். அதையே ஹோட்டலுக்கு வைத்து, அதையே ஆல்பத்துக்கும் வைத்துவிட்டார்: 'ட்ராங்குவிலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கேசினோ'. அட்டைப் படத்தில் இருக்கும் ஹோட்டல் மாதிரியைக்கூட அவரே அட்டையை வெட்டிச் செய்தார். பாட்டுகளில் வருகிறவர், பழைய புகழை நினைத்துக்கொண்டு அந்த ஹோட்டலில் பாடிப் பிழைக்கிற ஒரு பாடகர் போல இருக்கிறார். அவர் பேசுவதில் பாதி கிண்டல், பாதி நிஜமான அலுப்பு. போன் திரை, விளம்பரம், செய்தி, சினிமா எல்லாம் வந்து போகும். சனிக்கிழமை ராத்திரிச் சண்டையைப் பாடிய 20 வயதுப் பையன் 32 வயதில் என்னத்தைப் பாடுவான்? டாக்ஸி வரிசையில் அவன் நின்று வருடக்கணக்காகியிருக்கும். தெரியாத டாக்ஸியைத் தெரிந்தது போலப் பாடாமல், தான் அடைந்து கிடக்கும் சொகுசு அறையை நிலாவில் கொண்டு வைத்தார். எனக்கு இது நேர்மையான வேலையாகத்தான் படுகிறது.

இதில் 'ஃபோர் அவுட் ஆஃப் ஃபைவ்' என்று ஒரு பாட்டு உண்டு. நிலா ஹோட்டல் கூரை மேல் ஒரு மெக்சிகோ சாப்பாட்டுக் கடை திறக்கிறார்கள். அதற்கு விமர்சனம் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒரு ஆல்பம் தன் வயிற்றுக்குள்ளேயே தன் ரிசப்ஷனை வைத்துக்கொண்டு பிறந்த கதை இது.

வெளியிட்ட விதமும் ஒரு காரணம். வழக்கமாக ஆல்பத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே ஒரு பாட்டை விடுவார்கள். நம் ஊரில் படத்துக்கு முன்னால் ஒரு பாட்டை விடுகிற மாதிரி. காது பழகிக்கொள்ளும். இவர்கள் ஒன்றையும் விடவில்லை. 2018 மே 11ஆம் தேதி பதினொரு பாட்டும் மொத்தமாக வந்து விழுந்தது. ஐந்து வருடம் கிட்டாருக்காகக் காத்திருந்தவர்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போட்டுக் கேட்டால், காதில் விழுவது நட்சத்திர ஹோட்டல் லாபி இசை. கொடை விழாவுக்கு நையாண்டி மேளம் வருமென்று காத்திருந்த ஊரில் ஒருவர் வீணையோடு இறங்கினால் எப்படி இருக்கும்? வீணை மேல் தப்பு இல்லை. ஆனாலும் முதல் கல் அதன் மேல்தான் விழும்.

சரி, ரிசப்ஷன் எப்படி இருந்தது? இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் ஆல்பம் முதல் வாரமே முதலிடம். வினைல் எனும் பழைய கறுப்பு இசைத்தட்டு மட்டும் அந்த வாரம் 24,500 விற்றது. 25 வருடத்தில் எந்த வினைல் தட்டும் அங்கே அவ்வளவு வேகமாக விற்றதில்லை. வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கு பிரிட்டனில் கொடுக்கும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பிடித்தது, பரிசு வுல்ஃப் ஆலிஸ் பேண்டுக்குப் போனது. விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டினார்கள். இதை மட்டும் படித்தால் பெரிய வெற்றி. ரசிகர்கள் பக்கம் போனால் வீடு இரண்டாகக் கிடந்தது. ஒரு பாதி "இதுதான் இவர்களின் உச்சம்" என்றது. மறுபாதி மருமகன் சொன்னதைச் சொன்னது.

எண்களை நம்பி ஆல்பம் கேட்கிறவர்கள் இந்த இடத்தில் சறுக்குவார்கள். முதல் வார விற்பனை பெரும்பாலும் முந்தைய ஆல்பத்தின் புகழைத்தான் அளக்கும், ஏனென்றால் வாங்கினவர்கள் இன்னும் புதியதைக் கேட்டே இருக்க மாட்டார்கள். நட்சத்திரங்களின் சராசரி இன்னொரு பொறி. பத்துப் பேரில் பத்துப் பேரும் மூன்று நட்சத்திரம் கொடுத்தாலும் சராசரி மூன்று. ஐந்து பேர் ஐந்தும் ஐந்து பேர் ஒன்றும் கொடுத்தாலும் மூன்றுதான். எல்லோரும் மூன்று கொடுத்த ஆல்பம் யாருக்கும் தொந்தரவு தராதது. ஐந்தும் ஒன்றுமாகப் பிரிந்த இரண்டாவது ஆல்பம் வீட்டில் சண்டை மூட்டுவது. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் முதலில் கேட்பேன்.

விமர்சகர்களும் மாறுவார்கள். லிஸ் ஃபேர் என்ற அமெரிக்க இண்டி பாடகி 2003இல் தன் நான்காவது ஆல்பத்தைப் பளபளப்பான பாப் இசையாகப் போட்டபோது, பிட்ச்ஃபோர்க் இசை இதழ் பத்துக்கு 0.0 கொடுத்தது. பூஜ்யம். எழுதினவர் பல வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டார். 2021இல் அதே இதழ் தன் பழைய மதிப்பெண்களில் பத்தொன்பதைத் திருத்தியபோது அந்த ஆல்பத்துக்கு 6.0 கிடைத்தது. பாட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. பதினெட்டு வருடத்தில் "இண்டி பாடகி பாப் பாடலாமா?" என்ற கோபம் மட்டும் ஆறிப் போயிருந்தது.

இதெல்லாம் மேல்நாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். நம் நாகர்கோவிலிலேயே நடந்திருக்கிறது. சுந்தர ராமசாமி 1966இல் 'ஒரு புளியமரத்தின் கதை' நாவலைக் கொடுத்தார். ஊர், ஊரின் பேச்சு, சந்திப்பில் ஒரு மரம், அதைச் சுற்றிய கடைகள். வாசகர்கள் பிரியமாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நாவல் வர 15 வருடம் ஆனது. 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. அதில் கதை என்று நம் கைக்குப் பிடிபடுவது கொஞ்சம். ஒரு கற்பனை மலையாள எழுத்தாளனின் வாழ்க்கை, நாட்குறிப்பு, கருத்து, கிண்டல். புளியமரத்தைத் தேடி வந்தவர்களுக்கு நிழல் கிடைக்கவில்லை. இது நாவலே இல்லை என்று ஒரு தரப்பும், தமிழ் நாவலுக்குக் கதவு திறந்துவிட்டது என்று ஒரு தரப்பும் பல காலம் சண்டை போட்டன. இரண்டையும் எழுதினவர் ஒரே ஆள்தான். மருமகன் இரண்டையும் படித்ததில்லை, ஆனால் நான் சொன்ன இந்த ஒப்பீட்டைக் கேட்டதும் "அப்போ டர்னர் ஜே.ஜே. எழுதிட்டாருன்னு சொல்றீங்க" என்றான். அவ்வளவு தூரம் நான் போகவில்லை. நிலா ஆல்பத்தின் நடுவில் இரண்டு மூன்று பாட்டு ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் மிதக்கிறது. சொற்களின் கெட்டிக்காரத்தனம் சில இடத்தில் மெட்டைத் தின்றுவிடுகிறது. பிடிக்காதவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு.

2022 அக்டோபர் 21இல் ஏழாவது ஆல்பம் 'தி கார்' வந்தது. இந்தத் தடவை இரண்டு மாதம் முன்பே ஒரு பாட்டை விட்டார்கள். பியானோவோடு வயலின் கூட்டமும் சேர்ந்தது, பழைய சினிமாவின் பின்னணி இசை மாதிரி. கிட்டார் திரும்பி வருமென்று இன்னும் காத்திருந்தவர்கள் அத்தோடு நம்பிக்கையை விட்டார்கள். முதல் ஆறு ஆல்பமும் பிரிட்டனில் முதலிடம் பிடித்திருக்க, இது இரண்டாவது இடத்தில் நின்றது. அதே நாளில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆல்பம் வந்ததுதான் காரணம். 2023 மெர்க்குரி பட்டியலில் இதுவும் இருந்தது. ஏழாவது வந்த பிறகு ஆறாவதை எல்லோரும் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. 2018இல் அது ஒரு விபத்து போலத் தெரிந்தது. 2022இல் அது ஒரு திருப்பம் என்று புரிந்தது. எனக்கு 'தி கார்'தான் மேல். நிலா ஹோட்டலில் முகமூடி போட்டுக்கொண்டு பாடினவர் இங்கே கொஞ்சம் கழற்றி வைக்கிறார்.

கேட்கும் முறை பற்றி மருமகனுக்குச் சொன்னது ஒன்றுதான். ரீல்ஸில் பதினைந்து விநாடி கேட்கிற காதோடு இதைக் கேட்காதே. நிலா ஆல்பம் மொத்தம் 41 நிமிடம். நாகர்கோவிலில் கன்னியாகுமரி பஸ் ஏறினால் ஏறத்தாழ அந்த நேரம்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் பாட்டிலிருந்து வரிசை மாற்றாமல் போட வேண்டும். சுசீந்திரம் குளம் தாண்டும்வரை எரிச்சலாகத்தான் இருக்கும். பொற்றையடிப் பக்கம் மருந்துவாழ்மலை தெரியும்போது தாளத்துக்கு அடியில் ஓடும் பேஸ் கிட்டாரைக் கவனி. காணாமல் போன கிட்டார் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கொட்டாரம் வரும்போது 'ஃபோர் அவுட் ஆஃப் ஃபைவ்' முடிந்திருக்கும். கடைசிப் பாட்டு 'தி அல்ட்ராசீஸ்' பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது வர வேண்டும். வழியில் பஸ் நிறைய நேரம் நின்றால் கணக்குத் தப்பும், அதற்கு நான் பொறுப்பில்லை.

போய் வந்தவன் ஆல்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, ஆராதனை தொடங்கும் முன், ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்த நேரத்தில் கீபோர்டில் மெதுவாக அந்தக் கடைசிப் பாட்டின் கார்டுகளை வாசித்துப் பார்த்திருக்கிறான். கொயர் மாஸ்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பாமாலைப் புத்தகத்தில் இது எத்தனாவது நம்பர் என்று கேட்டாராம்.